காது மிஷின் வாங்குவதற்கு முன்னும் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது பரிசோதனைக்கு வருகிறவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் மகன், மகள், மருமகள்களும் என்னிடம் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். பாதிக் கேள்விகள் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு கேட்கப்பட்டவை. அதனால் பெரிய ஒழுங்கு எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பாவுக்குச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. ஆனால் பேசுவது புரியவில்லை என்கிறார். இது காதுப் பிரச்சினையா, கவனமில்லாமையா?

காதுப் பிரச்சினைதான். வயதாகும்போது முதலில் குறைவது கீச்சுக்குரல் பக்கத்து ஒலிகள், அதாவது உயர் அதிர்வெண்கள். தாழ் அதிர்வெண் பல வருடம் தாக்குப்பிடிக்கும். பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகள் பலமாகவும் தாழ்வாகவும் இருப்பவை. ச, த, ப, க போன்ற மெய்களோ மெலிந்தவை, கண நேரத்தில் கடந்துவிடுபவை, உயர் அதிர்வெண்ணில் அடையாளம் உள்ளவை. உயிரொலி கேட்பதால் யாரோ பேசுகிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. மெய்யெழுத்து விழாததால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிவதில்லை. “பால் வேணுமா?” என்று கேட்டால் “கால் நல்லாத்தான் இருக்கு” என்று பதில் வரும். வீட்டில் சிரிப்பார்கள். அவருக்குக் கூச்சமாகிவிடும். அடுத்த முறை புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இயல்பிலேயே உயர்ந்தவை, சன்னமானவை. அதனால்தான் டீக்கடை நண்பர் பேசுவது புரிந்து, மனைவி பேசுவது புரியாமல் போகிறது. “நான் சொல்றது மட்டும் அவருக்குக் காதுல விழாது” என்று பரிசோதனை அறையில் வந்து புகார் சொல்லும் அம்மாக்களுக்கு ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் காட்டி விளக்குவது என் வேலையில் ஒரு பகுதி.

மெதுவாகப் பேசினால் “என்ன?” என்கிறார். குரலை உயர்த்தினால் “ஏன் கத்துறே, நான் என்ன செவிடா?” என்கிறார். எப்படித்தான் பேசுவது?

இரண்டுமே உண்மையான அனுபவம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சேதமானால் மெல்லிய ஒலிகள் காணாமல் போகும். பலமான ஒலிகளோ, நல்ல காதுக்குக் கேட்கும் அதே பலத்தில்தான் கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவில் உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. இன்றைய டிஜிட்டல் மிஷின்கள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலமான ஒலியைக் குறைவாகவும் கூட்டுவது இதற்காகத்தான். எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுக்கும் பழைய பாக்கெட் மாடலைத் தாத்தாக்கள் கழற்றி அலமாரியில் வைத்ததற்கும் இதுதான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கத்த வேண்டாம். எதிரில் வந்து, முகம் தெரிய, சற்று நிதானமாகப் பேசுங்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்தினாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

பரிசோதனையில் என்ன செய்வீர்கள்? வலிக்குமா?

வலிக்காது. முதலில் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்போம். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகுதான் மற்றவை. அடுத்து ஒலி புகாத அறையில் ஹெட்போன் போட்டு, ‘பீப்’ கேட்டால் கை தூக்கச் சொல்வோம். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் உங்களுக்குக் கேட்கும் மிகக் குறைந்த அளவைக் குறிப்போம். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்து அதையே மறுபடி செய்வோம். எலும்பு வழி நன்றாகவும், ஹெட்போனில் கேட்ட காற்று வழி மோசமாகவும் இருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால் உள்காது அல்லது நரம்பு. காதுக்குள் அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, சில நிமிட வேலை.

இதோடு பேச்சுப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்ச் சொற்களைப் போதுமான சத்தத்தில் சொல்லி, எத்தனையைத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்பது. மிஷின் போட்டால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்பதற்கு ‘பீப்’ சோதனையைவிட இது நல்ல துப்பு. அவசரத்தில் பல இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் 45 டெசிபல் என்று இருக்கிறது. 45 சதவீதம் போய்விட்டதா?

இல்லை. டெசிபல் வேறு, சதவீதம் வேறு. பூஜ்யம் என்பது நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலி. உங்களுக்கு ஒலி கேட்க அதைவிட 45 டெசிபல் கூட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி 20-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான குறைபாடு, 35 முதல் 50 வரை மிதமானது, 50 முதல் 65 வரை சற்றுக் கடுமையானது, 65 முதல் 80 வரை கடுமையானது. அதற்கு மேல் மிகக் கடுமை. இது இரண்டு காதில் நன்றாகக் கேட்கும் காதின் சராசரியை வைத்துச் சொல்வது.

வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. ஒற்றை எண்ணை மட்டும் பார்க்காமல் கோட்டின் சாய்வைப் பாருங்கள். கோட்டின் இடப்பக்கம் (தாழ் அதிர்வெண்) மேலேயும் வலப்பக்கம் (உயர் அதிர்வெண்) கீழேயும் இருந்தால், மேலே சொன்ன ‘பால், கால்’ கதைதான்.

“நரம்பு வீக்” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் சரியாகுமா?

வயதாலோ இரைச்சலாலோ வந்த குறைபாடு என்றால், ஆகாது. ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள்தான் உண்டு. மனிதர்களில் அவை திரும்ப முளைப்பதில்லை. விட்டமின் மாத்திரையால் கெடுதல் ஒன்றும் வராமல் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மாத்திரையை நம்பி நாளைத் தள்ளுவதில் நஷ்டம் இருக்கிறது.

அப்படியானால் எப்போது முதலில் இஎன்டி டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இரவு நன்றாகப் படுத்து, காலையில் எழுந்தபோது ஒரு காது கேட்கவில்லை என்றால், அல்லது ஓரிரண்டு நாளில் திடீரென்று குறைந்தால், அது அவசரம். சளி, தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சீழ் வடிதல், காதுவலி, தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்கம் கோணுதல், ஒரு காதில் மட்டும் குறைபாடோ இரைச்சலோ, இவற்றில் எது இருந்தாலும் மிஷினைப் பற்றிப் பேசும் முன் டாக்டர். ஒரு பக்கக் குறைபாட்டுக்குச் சில சமயம் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். கேட்கும் நரம்பை ஒட்டிக் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்வதற்காக. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

காதில் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் விடலாமா?

வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் வேண்டாம். பட்ஸ் குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம்.

ஒரு இடத்தில் 15,000 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் லட்சத்துக்கு மேல். என்ன வித்தியாசம்?

விலைப்பட்டியலில் முதலில் காட்டப்படுவது சேனல் எண்ணிக்கை: 4, 8, 16, 32 என்று. சேனல் கூடினால் ஒலியை நுணுக்கமாகப் பிரித்துச் சரிசெய்யலாம். இரைச்சலை அடக்குதல், எதிரில் பேசுகிறவர் பக்கம் மைக் திரும்புதல், போனோடு ப்ளூடூத் இணைப்பு, சார்ஜ் செய்யும் வசதி எல்லாம் விலையோடு ஏறும். இவை பொய் அல்ல. ஆனால் விலை பத்து மடங்கு என்பதால் பேச்சு பத்து மடங்கு புரியாது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ் குழுவினர், முதியவர்களுக்கு அடிப்படை மாடலையும் உயர்ரக மாடலையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே நன்றாக உதவின. அன்றாட வாழ்க்கையில் பேச்சைப் புரிந்துகொள்வதில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அங்கே ஒவ்வொரு மிஷினையும் முறைப்படி அளந்து, அவரவர் காதுக்குப் பொருத்திக் கொடுத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். என் கருத்து: கவனமாகப் பொருத்திய நடுத்தர மிஷின், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்ட விலையுயர்ந்த மிஷினை அடித்துவிடும். வீட்டிலேயே இருக்கும் 80 வயதுப் பாட்டிக்கும், நாளெல்லாம் கூட்டங்களில் உட்காரும் வங்கி மேலாளருக்கும் தேவை வேறு. “எங்கெங்கே கேட்கச் சிரமமாக இருக்கிறது?” என்று கேட்காமலே மாடலைக் காட்டும் இடத்தில் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறதே?

அவற்றில் பல வெறும் ஒலிபெருக்கிகள். ஆடியோகிராமுக்கு ஏற்ப மாற்ற முடியாது. உச்ச ஒலிக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதும் தெரியாது. நன்றாகக் கேட்கும் தாழ் அதிர்வெண்ணையும் சேர்த்துக் கூட்டுவதால் மின்விசிறிச் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான் முன்னால் வந்து நிற்கும். பணம் போவதுகூடப் பரவாயில்லை. “மிஷின் போட்டுப் பார்த்தாச்சு, நமக்கு ஒத்துவராது” என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். அந்த முடிவை மாற்றப் பல மாதம் ஆகும்.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், 18 வயதுக்கு மேற்பட்ட, லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ளவர்களுக்கு மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் விற்க அனுமதி உண்டு. அது விதிமுறைக்கு உட்பட்ட தனி வகை. படத்தில் ஒன்றுபோலத் தெரிவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு காதுக்கும் வேண்டுமா? ஒன்று போதாதா?

இரண்டு காதிலும் குறைபாடு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான். சாலையைக் கடக்கும்போது இது முக்கியம். இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுப்பதற்கும் அப்படியே. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு உயர்ரக மிஷினா, இரண்டு சாதாரண மிஷினா என்றால் நான் இரண்டையே சொல்வேன். ஒன்றுதான் முடியும் என்றால், பெரும்பாலும் பேச்சு நன்றாகப் புரியும் காதைத் தேர்ந்தெடுப்போம். “மோசமான காதுக்குத்தானே போடணும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். சொற்களையே பிரித்தறிய முடியாத காதில் ஒலியைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும்.

வெளியே தெரியாத மாடல் வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறோம்.

காதுக்குள் முழுவதும் மறையும் மாடல்கள் உண்டு. குறைபாடு கடுமையாக இருந்தால் அவற்றின் சக்தி போதாது. காதுத் துவாரம் குறுகலாக இருந்தால் பொருந்தாது. வியர்வையும் குறும்பியும் நேராகத் தாக்குவதால் ரிப்பேர் அதிகம். காதுக்குப் பின்னால் சிறிதாக உட்கார்ந்து, மெல்லிய வயர் மட்டும் காதுக்குள் போகும் மாடல் தலைமுடிக்குள் மறைந்துவிடும். அதையும் மாட்டிப் பாருங்கள்.

கல்யாணம் பற்றிக் கேட்டதால் ஒன்று: மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நெருங்கிய உறவில் சம்பந்தம் என்றால், குடும்பத்தில் பிறவிச் செவித்திறன் குறைபாடு இருக்கும்பட்சத்தில் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் கோளாறு குழந்தையிடம் சேரும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம்.

பொருத்துவது என்றால் என்ன? மாட்டிவிட்டால் முடிந்ததில்லையா?

கம்ப்யூட்டரில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பட்டனை அழுத்தினால், கம்பெனி மென்பொருளே ஒரு அமைப்பைப் போட்டுவிடும். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலும் அது உயர் அதிர்வெண்களில் தேவைக்குக் குறைவாகவே கொடுக்கும். காரணம் எளிது: முதல் நாளே உறுத்தாமல் இருந்தால்தான் வாங்குவீர்கள். எந்த ஒலிகளுக்காக மிஷின் வாங்கினீர்களோ அவையே போதிய அளவு வராது.

சரியான வழி, உங்கள் காதுக்குள்ளேயே அளப்பது. மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டர் அருகே வரை செலுத்துவோம். கூசும், வலிக்காது. அதன் மேல் மிஷினை மாட்டிவிட்டு, முன்னால் இருக்கும் ஸ்பீக்கரில் மெல்லிய, நடுத்தர, பலமான பேச்சை ஒலிக்க விடுவோம். செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்பது திரையில் கோடாக வரும். உங்கள் குறைபாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று சூத்திரம் சொல்லும் இலக்கும் பக்கத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்ஏஎல் சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. கோடு இலக்கைத் தொடும் வரை திருத்துவோம்.

அப்போது ஸ்பீக்கரில் வரும் பேச்சைக் கேட்டு “இது என்ன பாஷை?” என்று கேட்காதவர்கள் குறைவு. எந்த பாஷையும் இல்லை. ஆறு மொழிகள் பேசும் ஆறு பெண்களின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய சர்வதேசச் சோதனை ஒலி அது. மனிதப் பேச்சின் எல்லாக் குணமும் இருக்கும், பொருள் மட்டும் இருக்காது.

இந்த அளவீட்டுக் கருவி எல்லா இடத்திலும் இல்லை. “காதுக்குள்ள குழாய் வச்சு அளப்பீங்களா?” என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், குறைந்தது மிஷின் போட்ட நிலையில் பேச்சுப் பரிசோதனையாவது செய்யச் சொல்லுங்கள். பொருத்துகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா (செவித்திறன் நிபுணரா) என்றும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

மிஷின் போட்டதிலிருந்து என் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது. எல்லாச் சத்தமும் எரிச்சலாக இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு. காதை அடைத்துக்கொண்டு பேசினால் உங்கள் குரல் எலும்பு வழியாகப் போய்த் துவாரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் பானைச் சத்தம். டோமை (காதுக்குள் போகும் மென்மையான முனையை) ஓட்டை உள்ளதாக மாற்றினாலோ, மோல்டில் (காதை அச்செடுத்துச் செய்த பாகத்தில்) காற்றுத்துளையைப் பெரிதாக்கினாலோ குறையும். பழகிப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், வந்து சொல்லுங்கள்.

எரிச்சல் பழக்கத்தில் குறையும். பல வருடமாக மறந்துபோன செய்தித்தாள் மடிக்கும் சத்தம், எவர்சில்வர் தட்டு, குக்கர் விசில், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வருகின்றன. இவற்றை ஒதுக்கிவைக்க மூளைக்குச் சில வாரங்கள் வேண்டும், சிலருக்குச் சில மாதங்கள். முதல் சில நாட்கள் வீட்டில், ஒரே ஒருவரோடு பேசுங்கள். பேப்பரை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு டிவி செய்தி, பிறகு நாலு பேர் கூடும் இடம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது மிஷினைச் சோதித்துப் பார்ப்பது கடைசிப் பாடம். பலர் அதையே முதல் பாடமாக எடுத்து வெறுத்துப்போகிறார்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். வெளியே போகும்போது மட்டும் போட்டால் மூளை பழகாது. இன்னொன்று, எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதைப் பல மிஷின்கள் தாமே குறித்துவைக்கும். “தினமும் காலையிலேர்ந்து ராத்திரி வரை போடறேன்” என்று சொல்லும்போது என் திரையில் ஒரு மணி நேரம் என்று இருக்கும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏன் போடவில்லை என்பதற்கான காரணத்தைத்தான் தேடுவேன். அநேகமாக எங்கோ உறுத்தும், அல்லது பலமான ஒலி ஏதோ ஒன்று குத்தும்.

மிஷின் போட்டால் இருக்கிற காதும் கெட்டுப்போகுமா?

உச்ச ஒலி வரம்பைச் சரியாக வைத்துப் பொருத்தியிருந்தால் கெடாது. வயதால் வரும் குறைபாடு தன் போக்கில் கூடும், பழி மிஷின் மேல் விழும்.

விசில் அடிக்கிறது.

வெளியே கசியும் ஒலி திரும்ப மைக்கில் நுழைவதால் வருவது. டோம் அளவு சிறியது, மோல்டு தளர்ந்துவிட்டது, சரியாக உள்ளே தள்ளவில்லை, அல்லது காதில் குறும்பி. முதலில் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். ஒலியைக் குறைத்து விசிலை நிறுத்திக்கொள்வது சரியான வைத்தியம் அல்ல. தேவையான ஒலியும் சேர்ந்து போய்விடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

இவை காற்றில் உள்ள ஆக்சிஜனால் இயங்கும் துத்தநாக பேட்டரிகள். ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே காற்று நுழைந்து வேலை தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் பெரிய பலன் இல்லை. உரித்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் மேசைமேல் வைத்திருந்து, பிறகு போடுங்கள். உடனே மூடினால் முழு வேகம் வராது. ஸ்டிக்கரின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. கடையில் நிறத்தைச் சொன்னால் போதும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள்.

பேரக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய பேட்டரியை மேசையில் போடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

சென்னை வெயிலில் அடிக்கடி ரிப்பேராகிறது.

கடலோர ஊர்களின் ஈரப்பதமும் வியர்வையும்தான் காரணம். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மணிகளின் நிறம் மாறினால் புதிது போடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்தவுடனே மிஷினை மாட்டாதீர்கள். தேங்காயெண்ணெய் மைக் துளையை அடைக்கும். காதுக்குள் போகும் முனையில் கடுகளவு வெள்ளை வடிகட்டி இருக்கும், அதில் குறும்பி சேர்ந்தால் ஒலியே வராது. “மிஷின் செத்துப்போச்சு” என்று கொண்டுவருவதில் கணிசமானவை இந்த வடிகட்டியை மாற்றினால் உயிர்பெறுபவை. மாற்றும் முறையை வாங்கும் அன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் கேட்கவில்லை.

காதுக்குப் பின்னால் போடும் மாடலில் மைக் மேலே இருக்கிறது, துவாரத்தில் இல்லை. போனைச் சற்று மேலே தூக்கி, மைக் பக்கம் பிடியுங்கள். அல்லது ஸ்பீக்கரில் போடுங்கள்.

குழந்தைக்கு இரண்டு வயதாகிறது, பேச்சு வரவில்லை. “அவன் மாமாகூட நாலு வயசுலதான் பேசினான்” என்கிறார் மாமியார்.

மாமா பேசியிருக்கலாம். ஆனாலும் இந்த வாரமே பரிசோதியுங்கள். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாடு உறுதி, 6 மாதத்துக்குள் மிஷினும் பயிற்சியும் என்பதே பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. கைதட்டினால் திரும்புகிறது, கதவு அடித்தால் விழிக்கிறது என்பதெல்லாம் போதாது. பலமான சத்தம் கேட்கும் குழந்தைக்கும் பேச்சு கேட்காமல் இருக்கலாம்.

கை தூக்கச் சொல்ல முடியாத வயதில் இரண்டு சோதனைகள். ஓஏஇ என்பது உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பதிவது, சில நிமிடம்தான். பெரா என்பது தூங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது. ஓஏஇ நன்றாக இருந்து பெரா வராத குழந்தைகளும் உண்டு. பிறந்தவுடன் கடும் மஞ்சள்காமாலை வந்தவர்களிடம் இதைக் குறிப்பாகத் தேடுவோம். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது.

மிஷின் போட்ட பிறகு வீட்டில் தினமும் காலையில் ஒரு சின்னச் சோதனை: குழந்தைக்குப் பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் இவை. பேச்சின் தாழ் முனையிலிருந்து உயர் முனை வரை இவற்றில் அடங்கிவிடும். நேற்று ‘ஸ்’ஸுக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் மிஷினிலோ மோல்டிலோ காதிலோ ஏதோ இருக்கிறது. கைக்குழந்தைக்குக் காது வளர வளரச் சில மாதங்களுக்கு ஒருமுறை மோல்டு மாற்ற வேண்டிவரும்.

காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசமாகக் கிடைக்குமா?

இது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் மின்கருவி. தமிழ்நாட்டில் 6 வயதுக்கு உட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் உண்டு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். வயது ஏற ஏறப் பலன் குறையும். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் குழந்தை பேசிவிடாது. அதற்குப் பிறகான கேட்டல், பேச்சுப் பயிற்சிதான் நீண்ட வேலை. அதற்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இலவச மிஷின்?

2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஒரு காது மட்டும் கேட்காதவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீதச் சான்று வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதித்துத் தருவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ‘காதொலிக் கருவி’ என்று கேட்டு விண்ணப்பியுங்கள். இலவசமாக வந்த மிஷினையும் ஆடியாலஜிஸ்ட்டிடம் கொண்டுவந்து உங்கள் ஆடியோகிராமுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

காது கேட்காவிட்டால் மறதி நோய் வருமாமே? மிஷின் போட்டால் தடுக்கலாமா?

நடுவயதுக் கேட்புக் குறைபாடு மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பது பரவலாக ஏற்கப்பட்டது. மிஷின் தடுக்குமா என்பதற்கு 2023-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை 3 வருடம் தொடர்ந்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மிஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஏற்கனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினரில் மட்டும் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. ஆகவே “மறதியைத் தடுக்கும்” என்று விளம்பரம் செய்து விற்பது மிகை. பேத்தியோடு பேச முடிகிறது என்பதே மிஷின் வாங்கப் போதுமான காரணம்.

காதில் ‘ஙொய்ங்’ என்று இரைச்சல். மருந்து உண்டா?

அதை நிறுத்தும் மாத்திரை கிடையாது. கேட்புக் குறைபாடும் சேர்ந்து இருந்தால் மிஷின் போட்டதும் பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. இரவில் முழு அமைதி வேண்டாம், மின்விசிறியோ மெல்லிய பாட்டோ ஓடட்டும். நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பா தவறிவிட்டார். அவருடைய மிஷின் புதிதாகவே இருக்கிறது. அம்மாவுக்குப் போடலாமா?

அப்படியே மாட்டக் கூடாது. அது அப்பாவின் குறைபாட்டுக்கு அமைத்தது. அம்மாவின் காதுக்குச் சத்தம் கூடிப்போகலாம், போதாமலும் இருக்கலாம். ஆனால் தூக்கியும் போட வேண்டாம். அம்மாவுக்கு ஆடியோகிராம் எடுத்து, அந்த மாடலின் சக்தி எல்லைக்குள் அவர் குறைபாடு வந்தால், பழைய அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாக அளந்து பொருத்தலாம். மோல்டு அல்லது டோம் மட்டும் புதிது. காதுக்குள்ளேயே அச்செடுத்துச் செய்த மாடல் என்றால் கூடு பொருந்தாது. சாதாரணமாக ஒரு மிஷின் 5 வருடம் உழைக்கும், எனவே வாங்கிய தேதி உள்ள பில்லையும் வாரன்ட்டி அட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.